அத்தை விட்டுவைத்த கட்டம்

எங்கள் அத்தை தினமும் காலையில் இருபத்தேழு குறிப்புகளுக்கு விளக்கம் எழுதுவார், இருபத்தெட்டாவதை மட்டும் விட்டுவிடுவார். தெரியாமல் இல்லை. அந்த ஒன்றில் நான் கை வைத்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது. வீட்டில் நான் கை வைக்காத இடமே கிடையாது.

சாந்தோம் பக்கம், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் தினம் வந்த குறுக்கெழுத்துப் புதிர் என்றால் அவருக்கு உயிர். சேர மன்னர்களின் கொடி என்ன என்று கேட்டு, வில் என்று எழுதிவிட்டுப் போகிற சாதுவான புதிர் இல்லை அது. நேரடியாக ஒன்றையும் கேட்காது. ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டு, விடையை அதற்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டு, நம்மைத் தேட விட்டு வேடிக்கை பார்க்கும்.

"பல் பதிந்தபின் மிளகாயின் சுவை மணி காட்டும், ஐந்து எழுத்து" என்று இருக்கும். எனக்கு மிளகாய் பஜ்ஜி ஞாபகம் வந்து நாக்கில் எச்சில் ஊறும். அத்தை அலட்டிக்கொள்ளாமல் எழுதுவார்: பல் பதிந்தால் கடி, மிளகாயின் சுவை காரம், இரண்டையும் சேர்த்தால் கடிகாரம், அதுதான் மணி காட்டும். இப்படி ஒவ்வொரு குறிப்பையும் பிரித்து மேய்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குத் தன் வலைப்பூவில் போட்டுவிட்டுத்தான் பூசைக்குக் கிளம்புவார்.

இந்தப் புதிர்ப் பைத்தியங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விளக்கம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே சொல்லித் தீர்த்துவிடக் கூடாது. வாசகர்களுக்கென்று ஒன்றை மீதி வைக்க வேண்டும். வாசகர்கள் என்றால் லட்சம் பேர் என்று நினைத்துவிட வேண்டாம், மொத்தம் ஏழெட்டுப் பேர். அந்த மீதியைக்கூட மற்றவர்கள் தொடமாட்டார்கள். "கடைசி பெஞ்சு" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் தினமும் பத்து மணிக்குள் வந்து, பின்னூட்டத்தில் இரண்டே வரியில் அதை விளக்கிவிட்டுப் போவார். அத்தை அதற்குக் கீழே "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். இது பல வருஷமாக நடந்துவந்தது.

கடைசி பெஞ்சு வேறு யாருமில்லை, என் பெரியப்பா. இது எனக்கு அப்போது தெரியாது.

பெரியப்பா பாதிரியாராவதற்குக் குருமடத்தில் படித்தவர். குடும்பத்திலிருந்து முதல் சாமியார் வரப்போகிறார் என்று தாத்தா பங்குக் கோவில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். குருப்பட்டம் வாங்க ஆறு மாதம் இருக்கும்போது பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதுவே பெரிய இடி. ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகு தாத்தா கோவிலில் முன்வரிசையில் உட்காருவதையே விட்டுவிட்டார். ஒருநாள் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி, அத்தை, அப்பா, அம்மா மூவரையும் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினார். அவனோடு பேசமாட்டேன், அவன் வாசற்படி ஏறமாட்டேன் என்று. கடைசியாகத் தானும் சொன்னார். எனக்கு அப்போது இரண்டு வயது. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து விரல் சப்பிக்கொண்டிருந்தேனாம்.

அத்தை கணக்கு டீச்சர் அல்லவா, சத்தியத்தைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தார். பேசக் கூடாது, பேசவில்லை. படி ஏறக் கூடாது, ஏறவில்லை. உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் ஒரு குறிப்பை விட்டுவைப்பது எந்தச் சத்தியத்திலும் வரவில்லை. சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் கட்டம் போட்ட நோட்டில் ஒருவருக்கொருவர் புதிர் கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். இவர் விட்டதை அவர் நிரப்பினால், ஆதம்பாக்கத்தில் அண்ணன் எழுந்து, காபி குடித்து, நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்களுக்குள் போக்குவரத்து.

தாத்தா கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். ஆனால் தினமும் பத்து மணிக்கு, பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "எல்லாம் நிரம்பிச்சாம்மா?" என்று கேட்பார். பள்ளிக்கூட நாளானால் அத்தை அங்கேயிருந்து போன் செய்து சொல்லுவார். "நிரம்பிடுச்சுப்பா" என்று வந்தபிறகுதான் அவருக்கு இரண்டாவது காபி. தாத்தாவுக்குப் புதிரில் இவ்வளவு ஆசையா என்று நான் வியந்திருக்கிறேன். ஒரு கட்டம்கூட அவர் நிரப்பி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் கடைசி பெஞ்சு பன்னிரண்டு நாள் வரவில்லை. பெரியப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது என்று, பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ அப்பாவின் காதில் போட்டார்கள். பதின்மூன்றாம் நாள் மறுபடி பின்னூட்டம் வந்தது. அன்றிலிருந்து அத்தை விட்டுவைக்கிற குறிப்புகள் சுலபமாகிவிட்டன. உடம்பு தேறாத மனிதரின் மூளையைக் கசக்க வேண்டாம் என்ற இரக்கம். நான் கண்டுபிடித்ததோ வேறு: அத்தைக்கு வயதாகிவிட்டது, சின்னச் சின்னக் குறிப்புக்கே விடை தெரியாமல் திணறுகிறார், பாவம்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அத்தை பூசைக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் திறந்தபடியே இருந்தது. நெடுக்காக ஒன்பது, வாசகர்களுக்கு, என்று போட்டிருந்த குறிப்பு இதுதான்: "நான்கிலும் ஒன்றுமில்லையென்றால் உட்காரலாம், நான்கு எழுத்து." எனக்கே தெரிந்துவிட்டது! நாற், காலி, நாற்காலி. அட, இதுகூடவா தெரியவில்லை? ஊர் சிரிக்குமே என்று எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அத்தையின் பெயரைக் காப்பாற்ற, பதிவுக்குள் நுழைந்து, விடையையும் விளக்கத்தையும் அத்தை எழுதுவது மாதிரியே எழுதினேன். வாசகர்களுக்கு என்ற வார்த்தையை அழித்தேன். பிறகு மாடிக்கு ஏறி, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு தாயம் ஆடப் போய்விட்டேன்.

பத்து மணிக்குக் கீழே வந்தேன். அத்தை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். தாத்தா கேட்டார். அத்தை "இன்னும் இல்லப்பா" என்றார். பத்தரைக்கு மறுபடி கேட்டார். பதினோரு மணிக்குக் கேட்கவில்லை, பார்த்தார். அத்தை பின்னூட்டப் பகுதியையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார். யாரோ இரண்டு பேர் "நன்றி" என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். தான் எழுதிய பதிவைத் தானே மறுபடி படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. படித்திருந்தால் அப்போதே என் காதைத் திருகியிருப்பார்.

அப்பா பேங்குக்கும் அம்மா ஆஸ்பத்திரி டூட்டிக்கும் போயிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு அத்தை சாப்பாட்டை எடுத்து வைத்தார். வஞ்சிர மீன் குழம்பு வாசனை வீடெல்லாம் அடித்தது, தாத்தா தட்டைத் தொடவில்லை. என்னைத் தவிர யாரும் சாப்பிடவில்லை. ஏதோ சரியில்லை என்று எனக்கும் பட்டது, ஆனால் அதற்கும் நாற்காலிக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை.

தாத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வா. அது சத்தியம் கித்தியம் ஒண்ணும் பண்ணலியே."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை. புடவைகூட மாற்றாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்.

ஆட்டோ அடையாறு தாண்டி வேளச்சேரி வந்ததும்தான் எனக்குப் பாடம் நடந்தது. "உங்க பெரியப்பா வீட்டுக்குப் போறோம். நான் கேட் தாண்டி வரமாட்டேன். நீ உள்ளே போ. எப்படி இருக்கீங்கன்னு கேளு. மூச்சு வாங்குதான்னு பாரு. இன்னிக்கு ஏன் எழுதலைன்னு கேளு." எதை எழுதவில்லை என்று நான் கேட்டேன். அத்தை சொன்னார். கடைசி பெஞ்சு யார் என்பது எனக்கு அப்போதுதான், ஆட்டோவின் ஆட்டத்தில், தெரிந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

தரைத்தள வீடு, சின்ன கேட், ஒரு முருங்கை மரம். அத்தை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். வராந்தாவில் ஒருவர் சட்டையில்லாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் நடுவாக, மேலிருந்து கீழே, சிவப்பாகத் தையல் போட்ட கோடு. உயிரோடுதான் இருந்தார், நன்றாகவே இருந்தார்.

"யாரும்மா நீ?"

"உங்க தம்பி பொண்ணு."

அவர் என் தலைக்கு மேலே கேட்டைப் பார்த்தார். பூண்டுத் தட்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. பிறகு என்னிடம், ரொம்ப மெதுவாக, "என்னை வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு எனக்குன்னு ஒண்ணுமே விடலியே" என்றார். சொல்லும்போது உதடு கோணியது. ஒரு பெரிய ஆள் அழப் போகிறார் என்று தெரிந்தது, அதுவும் என்னால்.

நான் திரும்பிக் கேட்டுக்கு ஓடினேன். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னாச்சுடி? ஏன் எழுதலையாம்?" என்றார்.

"மறந்துட்டாராம்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகப் பொய் சொன்னதில்லை.

"மறந்துட்டாரா!" அத்தை வாய்விட்டுச் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மறக்கிற அளவுக்குத் தேறிட்டாரா! மாதாவே!"

அதற்குள் பெரியப்பா பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா விளிம்புக்கு வந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். பெரியப்பா என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "உங்க அத்தை ரொம்ப இளைச்சுட்டான்னு சொல்லு." அத்தையும் என்னைப் பார்த்தே சொன்னார்: "அவரை முதல்ல உட்காரச் சொல்லு, நின்னுக்கிட்டு என்ன பேச்சு?" நான் இப்படியும் அப்படியும் திரும்பி ஒவ்வொன்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை எத்தனை, உப்புக் குறைத்தாயிற்றா, அப்பா எப்படி இருக்கார், முட்டி வலி எப்படி, எல்லாம் என் வழியாகத்தான் போயிற்று. பெரியம்மா குடையை விரித்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு மேலே நீட்டி, அத்தைக்கு நிழல் பிடித்தார்.

ஆட்டோக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கீது? நடுவுல அந்தக் கொழந்தையை ஏன் அலைய வுட்டுக்கினு கீறீங்க?"

வீட்டுக்குத் திரும்பும்போது நாலு மணி. தாத்தா அதே இடத்தில் இருந்தார், தட்டு மூடியபடியே இருந்தது. அத்தை நேரே அடுக்களைக்குப் போய்விட்டார், அதனால் நான் சொன்னேன். "நல்லா இருக்காரு தாத்தா. பூண்டு உரிக்கிறாரு." தாத்தா தலையாட்டிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். ஆறிப்போன குழம்பை ஊற்றி, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் அத்தை கம்ப்யூட்டரைத் திறந்தார். எப்படியோ அன்றைக்கு மட்டும் தன் பதிவைப் படித்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். நாற்காலி விளக்கத்தின்மேல் விரலை வைத்து, "இது உன் வேலையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "மறந்துட்டாருன்னு சொன்னது?" "பொய்" என்றேன். அடிக்கு முதுகைத் தயார் செய்துகொண்டேன்.

அடி விழவில்லை. அத்தை எழுந்து போய் கூடத்தில் தாத்தா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என் காதருகே குனிந்து, "வர்ற சனிக்கிழமையும் ஒண்ணை நிரப்பி வச்சிடு. நான் பூசைக்குப் போன பிறகு. நான் எதுவும் சொல்லலை, நீ எதுவும் கேக்கலை" என்றார்.

இந்தப் பெரியவர்களை என்னவென்று சொல்வது? ஒரு தப்புக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன், அதே தப்பை மறுவாரமும் செய் என்று யாரும் சொன்னதில்லை. தன் அப்பாவை ஏமாற்ற அத்தைக்கு மனசாட்சி இடம் தராது. நான் ஏமாற்றினால், அதை அவர் பார்க்காமல் இருந்தால், பரவாயில்லையாம். கோவிலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஞானோபதேச வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லித்தரவில்லை.

மறு சனிக்கிழமை நிரப்பினேன். பத்து மணிக்குத் தாத்தா கேட்டார், அத்தை இல்லை என்றார், தாத்தா இந்தத் தடவை பத்தரைவரைகூடக் காத்திருக்கவில்லை. "பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்றுவிட்டார். பெரியப்பா முகம் வழித்து, சட்டை போட்டுக்கொண்டு, வராந்தாவில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் போன வாரத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தைக்குக் கேட்டுக்கு வெளியே ஸ்டூல்கூடப் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் கொண்டாட்டம், எனக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தல். வீட்டில் ஒரு வயதான மனிதரை, அதுவும் என்மேல் உயிரையே வைத்திருப்பவரை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முட்டாளாக்குகிறோமே என்று. அவர் கண்டுபிடித்துவிட்டால் மாதா படத்துக்கு முன்னால் என்னையும் நிற்க வைத்துவிடுவார் என்று வேறு பயம்.

மூன்றாவது சனிக்கிழமை. அத்தை கிளம்பிப் போனதும் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பதிவைத் திறந்து, மீதி வைத்த குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் தாத்தா.

அந்த நேரத்தில் அவர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டியவர். அன்றைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மாம்பழம், வாசனை எனக்கு எட்டியது. கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன் வேலை ஆச்சா பாப்பா?"

மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். "என்ன வேலை தாத்தா? நான் சும்மா கேம் ஆடிக்கிட்டிருந்தேன்" என்று திரையை மூடினேன்.

அவர் போகவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்றார், குரலை இறக்கி.

"இல்ல தாத்தா. சத்தியமா ஒண்ணும் பண்ணலை. இனிமேயும் பண்ணமாட்டேன்."

தாத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு "சரி" என்றார்.

பத்துக்குள் கடைசி பெஞ்சு வந்து மீதியை விளக்கிவிட்டுப் போனார். அத்தை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் வாடிப்போயிற்று. தாத்தா கேட்காமலேயே "நிரம்பிடுச்சுப்பா" என்றார். தாத்தா "நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து, பையை அடுக்களையில் வைத்தார். சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டார். எங்கேயோ கிளம்பினீர்களே என்று அத்தை கேட்டதற்கு, வெயில் அதிகமாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நிற்க எந்தச் சத்தியமும் தடையில்லை என்று அத்தையைப் பார்த்துத் தாத்தா தெரிந்துகொண்டிருந்தார். அந்தப் பையும் சட்டையும், என் வேலை ஆச்சா என்ற கேள்வியும் அதற்குத்தான் என்று எனக்கு உறைத்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். மகன் வீட்டு கேட்வரை போகலாம் என்று அவர் மனசு இறங்க ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மறுபடி இறங்க இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பெரிய ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டேன். மத்தியானம் அத்தை அந்தப் பையைப் பிரித்துப் பழம் நறுக்கினார். தாத்தா வேண்டாம் என்றார், அத்தையும் தொடவில்லை. நான் இரண்டு பழம் தின்றேன். நல்ல இனிப்பு.